நீருக்குள் நந்தி

ஆடி பிறந்துவிட்டால் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் மேட்டூரை நோக்கி வண்டிகள் புறப்பட்டுவிடும். ஆடிப்பெருக்கன்று காவிரியில் நீராடி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் படையலிட்டு, பிள்ளைகளுக்கு அணையைக் காட்டிவிட்டுத் திரும்புவது பல குடும்பங்களின் ஆண்டு வழக்கம். கோடை விடுமுறை வந்தால் பவானிசாகர், பாபநாசம், தேக்கடி, கொடைக்கானல் என்று பட்டியல் நீளும். அப்படிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மலைப்பக்கம் ஏரியும் அணையும் பார்க்கப் போகிறோம், வழியில் வழிபட வேண்டிய கோயில்கள் எவை?"

நல்ல கேள்விதான். ஊர் சுற்றப் போகும்போதும் தெய்வத்தை நினைக்கிற மனம் நமக்கு வாய்த்திருக்கிறது. ஆயினும் அந்தக் கேள்வியோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோயில் வழியில் மட்டும் இல்லை. நாம் படகு விடவும் படம் எடுக்கவும் போகிற அந்த நீருக்கு அடியிலேயே கோயில் இருக்கிறது.

இதை அரிமளத்திலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. புதுக்கோட்டை மாவட்டத்தில் வெள்ளாறும் பாம்பாறும் ஓடுகின்றன என்றாலும் அவை மழை பெய்தால் மட்டுமே ஆறுகள். மற்ற நாட்களில் மணல். இங்கே வயலும் வாழ்வும் கண்மாயையும் ஊருணியையும் நம்பியவை. வடகிழக்குப் பருவமழை பெய்து, அந்த நீர் வரத்துவாரி வழியாக வந்து கண்மாய் நிறைந்து, கலிங்கில் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போனால்தான் அந்த ஆண்டு நெல். கரையின் மேல் ஐயனார் குதிரையேறி அமர்ந்திருப்பார். நிறைந்த கண்மாயைக் காண்பதும் ஐயனாரைத் தரிசிப்பதும் எங்களுக்கு வேறு வேறு அல்ல.

இந்த ஊருக்கு மலைநீரோடு இன்னோர் உறவும் உண்டு. 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளையின் ஞானாசிரியரான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானம் அரிமளத்தில் இருக்கிறது. கோடகநல்லூர் தாமிரபரணிக் கரையில் உள்ள தலம், நவகைலாயங்களுள் ஒன்று. பொதிகையில் பிறந்து வற்றாது ஓடும் நதியின் கரையிலிருந்து வந்த ஞானி, மழையை எதிர்பார்த்து நிற்கும் மண்ணில் நிலைகொண்டார். அவரை வணங்குகிற எங்களுக்கு, மலையில் தேங்கும் நீர் வெறும் காட்சிப் பொருளாகத் தோன்றுவதில்லை.

இனி மேட்டூருக்குப் போவோம்.

காவிரி மலைகளை விட்டுச் சமவெளிக்கு இறங்குமிடத்தில், பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே, அந்த அணை நிற்கிறது. 1925-இல் தொடங்கிய வேலை 1934-இல் முடிந்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்குச் சூட்டினார்கள். நிறைநீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குடகிலும் வயநாட்டிலும் ஆனி, ஆடியில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையைத் தேக்கிவைத்து, தஞ்சைத் தரணிக்குத் தேவையான நேரத்தில் தேவையான அளவில் திறந்துவிடுவது அதன் வேலை. குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அந்தத் தேதியில் அணை திறக்குமா, திறக்காதா என்பதை வைத்தே டெல்டா உழவர்கள் விதைநெல்லை வெளியே எடுக்கலாமா என்று முடிவு செய்வார்கள்.

இவ்வளவு பெரிய நீர் நிற்க வேண்டுமானால் அது எங்கோ நின்றாக வேண்டும். அது நின்ற இடத்தில் ஊர்கள் இருந்தன. வீடும் வயலும் களமும் கிணறும் இருந்தன. ஊர் இருந்தால் கோயில் இல்லாமலா? பண்ணவாடிப் பகுதியில் ஜலகண்டேசுவரர் கோயில் இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு கிறித்தவ தேவாலயமும் இருந்தது. அணை எழும்பியதும் மக்கள் வெளியேறினார்கள். வழிபட்ட மூர்த்திகளைத் தங்களோடு எடுத்துச் சென்று, குடியேறிய இடத்தில் புதிதாகக் கோயில் கண்டார்கள். சுவர்களையும் கோபுரத்தையும் எடுத்துச் செல்ல இயலாது. அவை நீருக்குள் நின்றன. இன்றும் நிற்கின்றன.

நீர்மட்டம் குறைந்து 70 அடியை ஒட்டி வரும்போது, பழைய கோயிலின் நந்தி மெல்ல மெல்ல வெளியே தெரியத் தொடங்கும். தேவாலயத்தின் கோபுரமும் தலை நீட்டும். செய்தித்தாள்களில் படம் வரும். "மேட்டூரில் நந்தி தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டு கூட்டம் போகும். சேற்றில் நடந்தும் பரிசலில் ஏறியும் நந்தியைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்புவார்கள்.

பவானிசாகரிலும் இதே கதை. பவானியும் மோயாறும் சேருமிடத்தில், நீலகிரியின் அடிவாரத்தில், 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த அணை அது. நிறைநீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை. அதன் நீருக்குள், போசளர் காலத்துத் தண்டநாயகர்களோடு தொடர்புடைய டணாயக்கன் கோட்டை கிடக்கிறது; அதனுள் மாதவப் பெருமாள் கோயில் கிடக்கிறது. நீர் வெகுவாகத் தாழ்கிற ஆண்டுகளில் கல்மண்டபத் தூண்கள் வெளியே வரும். அப்போதும் கூட்டம் போகும்.

நம் ஊர் மரபில் ஒரு தலத்தை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றாகச் சொல்வோம். இந்த இடங்களில் மூர்த்தி மேட்டுநிலம் ஏறிவிட்டது. தலம் தீர்த்தத்துக்குள் போய்விட்டது. நம் கண்ணுக்கு எஞ்சியிருப்பது தீர்த்தம் ஒன்றே. ஆகையால் அந்தத் தீர்த்தத்தை நோக்கித்தான் நாம் கைகூப்ப வேண்டும்.

தெய்வம் இருந்த இடத்தில் தண்ணீரை நிறுத்தியது தெய்வக்குற்றம் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகம வழக்கம் இதற்கு ஆறுதலான விடை தருகிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறோம் அல்லவா? அப்போது மூர்த்தியின் சாந்நித்தியத்தை எதற்கு மாற்றுகிறோம்? கும்பத்து நீருக்கு. கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். குடமுழுக்கன்று அதே நீர்தான் விமானத்தின் மேல் ஏறி மீண்டும் மூர்த்தியில் இறங்குகிறது. கல்லில் இருந்து இன்னொரு கல்லுக்குப் போவதற்கு இறைவன் ஏறும் வாகனம் தண்ணீர். திருவானைக்காவில் அவன் நீராகவே இருக்கிறான். மேட்டூரில் திறக்கும் நீர் அந்தத் தலத்தின் ஓரமாகத்தான் ஓடிப் போகிறது. எனவே ஜலகண்டேசுவரர் நீருக்குள் தொலைந்துவிட்டார் என்று வருந்த வேண்டியதில்லை.

ஆனால் மனிதர் கதை வேறு. சாமிக்குக் கும்பம் கிடைத்தது. வீட்டை விட்டவருக்கு எது கிடைத்தாலும் அது அந்த வீடு ஆகாது. பாட்டன் நட்ட புளியமரத்தையும், பிள்ளைக்கு முதல் முடி இறக்கிய படித்துறையையும், குலதெய்வத்துக்குப் பொங்கலிட்ட திடலையும் எந்தக் கும்பத்தில் இறக்கி எடுத்துப் போவது? அந்த மக்கள் செய்த தியாகத்தின் மேல்தான் காவிரிப் படுகை நெல் விளைகிறது. எங்கள் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாய், மக்கள் 'புது ஆறு' என்று அழைப்பது, தஞ்சாவூரைத் தாண்டி, பேராவூரணி வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பக்கம் வரை வருகிறது. அங்கே விளைந்த அரிசியில் பொங்கிய சர்க்கரைப் பொங்கல் எங்கள் கோயில் ஒன்றில் நைவேத்தியம் ஆகும்போது, பண்ணவாடிக்காரர் விட்டுவந்த வயலும் அந்தப் படையலில் இருக்கிறது.

மாயனூர் கதவணையிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் தெற்கே செல்லும் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில், எங்கள் மாவட்டத்து விராலிமலையை அடுத்த குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த நீர் வரும் நாளில் இந்தக் கடன் இன்னும் பெருகும்.

இப்போது எங்கள் பக்கத்து மலைகளைப் பாருங்கள். புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள நார்த்தாமலை, பங்குனியில் முத்துமாரியம்மனைத் தரிசிக்க வருவோர் எல்லாரும் அறிந்த தலம். கோயிலோடு திரும்பிவிடாமல் மேலமலையில் ஏறினால் விசயாலய சோழீச்சரம் நிற்கும். வட்ட வடிவக் கருவறை கொண்ட, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்றளி. மழையில் இடிந்த அக்கோயிலை மல்லன் விடுமன் என்பவர் மீண்டும் எடுப்பித்தார் என்று கல்வெட்டுச் சொல்கிறது. அங்கே ஏறும் வழியில் பாறையிடையே ஒரு சுனை. தெளிந்த நீர், ஆழம். அந்த நீருக்குள் பாறையைக் குடைந்து ஒரு கருவறை, அதனுள் சிவலிங்கம். கண்ணுக்குத் தெரியாது. இராமச்சந்திர தொண்டைமான் (1839–1886) ஆட்சியில், அரசியார் சுனைநீரை இறைக்கச் செய்து அந்தப் பெருமானை வழிபட்டதை மேலேயுள்ள பாறைக் கல்வெட்டு குறித்து வைத்திருக்கிறது.

சித்தன்னவாசலிலும் நாவல் மரத்தை ஒட்டிய நாவற்சுனையில் இதுபோலவே நீருக்குள் ஒரு குடைவரை உண்டு. அங்குள்ள பெருமானுக்கு ஜம்புநாதர் என்று பெயர். திருவானைக்கா ஈசனுக்கும் நாவல்தான் தலமரம், பெயரும் ஜம்புகேசுவரர். ஓவியக் குகையையும் சமணர் படுக்கைகளையும் பார்க்க வருகிறவர்களில், சுனைக்குள் இருக்கும் நாதரை நினைத்துக் கும்பிட்டுச் செல்பவர் மிகச் சிலரே.

மேட்டூரில் நீர் பின்னால் வந்தது. கோயில் முன்னால் இருந்தது. நார்த்தாமலையிலோ நீரும் கோயிலும் ஒன்றாகவே ஒன்றையொன்று காத்து நிற்கின்றன. மழை நீர் இறங்கிச் சேருகிற பாறைக் குழிக்குள் ஈசனை வைத்துவிட்டால், அந்தச் சுனையில் எவர் அழுக்கைக் கொட்டுவார்? எவர் காலைக் கழுவுவார்? அது மட்டுமன்று. அந்த ஈசனைக் காண வேண்டுமானால் குடிக்கிற நீரை இறைத்துக் கொட்ட வேண்டும். ஓர் அரசி எப்போதோ ஒருமுறை செய்ததைக் கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அது அரிய செயலாக இருந்திருக்கிறது. மற்றைய நாட்களில் எல்லாம் சுனை நிறைந்திருப்பதே பூசை; அவர் தெரியாமல் இருப்பதே தரிசனம்.

காஞ்சி அத்திவரதரை 2019-இல் சென்று சேவித்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். அனந்தசரஸ் திருக்குளத்து நீருக்குள் நாற்பது ஆண்டு துயின்று, 48 நாள் காட்சி தந்து, மீண்டும் நீருக்குள்ளேயே எழுந்தருளினார். அவர் வெளியே வந்தது முறைப்படி; திரும்பிப் போனதும் முறைப்படி. இனி நாற்பது ஆண்டு அவரைக் காணாமல் இருப்பதும் அந்த வழிபாட்டின் ஒரு பகுதியே.

மேட்டூர் நந்தி அப்படி வெளியே வருவதில்லை. முறை வைத்து அவரை அழைப்பவர் எவரும் இல்லை. குடகில் மழை பொய்த்தால் வருகிறார். கபினியில் நீர் வரத்துக் குறைந்தால் வருகிறார். அவர் திமில் தெரியும் ஆண்டில், ஜூன் 12-இல் மதகு திறப்பது ஐயமாகிவிடும். குறுவை போய்விடும், சில ஆண்டுகளில் சம்பாவும் ஊசலாடும். நாகை, திருவாரூர்ப் பக்கம் கடைமடை உழவர் வாய்க்காலைப் பார்த்து நிற்பார். அவர் வீட்டில் வைத்திருக்கும் நகை அடகுக்குப் போகும். நாம் பரிசலில் போய் நந்தியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிற அதே நாளில் நடப்பவை இவை.

ஆகவே, காணக் கிடைக்காதிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டிய தரிசனமும் உலகில் உண்டு. மேட்டூர்க் கரையில் நின்று, நீர் கடல்போல் விரிந்து கிடக்க, நந்தி எங்கே என்று தெரியாமல் கைகூப்புகிறவரே அந்த நந்தியை முறைப்படி வணங்கியவர். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: "அதோ, அந்த நீருக்கு அடியில் ஒரு சிவன் கோயில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் நமக்காக எழுந்து போனார்கள். நந்தி இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் தெரியாமல் இருக்கிற வரையில் நம் வீட்டில் சோறு இருக்கும்." எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும், எண்பது வயது வரை நினைவிலும் நிற்கும்.

அணைக்கும் மலைச்சுனைக்கும் போகிறவர்கள் கடைப்பிடிக்கத் தக்க சில நெறிகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நீராடுவதற்கென்று விட்ட படித்துறையில் மட்டுமே இறங்குங்கள். நீர்த்தேக்கத்தின் கரை ஆற்றங்கரை போன்றதன்று. ஓரடியில் முழங்கால், அடுத்த அடியில் ஆளாழம். பாறைச் சுனைகளின் விளிம்பில் பாசி வழுக்கும். தெய்வம் நீருக்குள் இருக்கிறது என்பதற்காக நாமும் உள்ளே போகவேண்டியதில்லை. கரையில் நின்று தலையில் நீர் தெளித்துக்கொண்டாலே தீர்த்தமாடிய பயன் உண்டு.

இரண்டாவது, நீரில் எதையும் விட்டுவராதீர்கள். பாபநாசத்தில் தாமிரபரணியில் நீராடிப் பாவத்தோடு உடுத்திய துணியையும் ஆற்றில் விடும் பழக்கம் வளர்ந்து, ஆற்றின் அடியில் துணிக்குவியல் சேர்ந்திருக்கிறது. அகத்தியருக்கு இறைவன் திருமணக் காட்சி தந்த துறை அது. பாவம் தண்ணீரில் கரையும், பாலியஸ்டர் கரையாது. கற்பூர அட்டை, பூமாலை நார், நெகிழிப்பை எல்லாம் உங்களோடே திரும்பி வரட்டும்.

மூன்றாவது, பாபநாசத்துக்கு மேலே காரையாறு அணைக்குப் போகும் வழியில் சொரிமுத்து ஐயனாரை வணங்காமல் திரும்பாதீர்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே திரளும் கூட்டத்தை அறிவீர்கள். மலைமேல் ஆற்றின் பக்கத்தில் இருக்கும் ஐயனாரும், எங்கள் அரிமளம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் மண்குதிரையோடு இருக்கும் ஐயனாரும் ஒருவரே. மேலே ஊற்றைக் காக்கிறார். கீழே கரையைக் காக்கிறார். அந்தக் காடு புலிகள் காப்பகம். வனத்துறை குறித்த நேரத்துக்குள் இறங்கிவிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.

நான்காவதுதான் முக்கியம். மலைநீரைத் தரிசித்துவிட்டு வந்தவர், தம் ஊர் நீருக்கு ஒரு நாளைக் கொடுக்க வேண்டும். எங்கள் பகுதிக் கண்மாய்களில் குமிழித் தூம்புகளைக் காணலாம். நீருக்குள் இரண்டு கற்றூண்கள் நட்டு, அவற்றின் கீழே நீர் புகும் துளை அமைத்து, கரையின் அடியில் சுருங்கை வழியாக மடைக்கு நீரைக் கொண்டுசெல்லும் அமைப்பு அது. அதைச் செய்துகொடுத்தவரின் பெயர் அந்தத் தூணிலேயே வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. கோயிலுக்கு விளக்கெரிக்கப் பொன் கொடுத்ததைப் போலவே கண்மாய்க்குக் குமிழி வைத்ததையும் நம் முன்னோர் தருமமாகக் கல்லில் எழுதினார்கள்.

இன்று அந்தக் கண்மாய்கள் பலவற்றுக்கு நீர் வருவதில்லை. மழை குறைந்தது மட்டும் காரணம் அல்ல. வரத்துவாரிகள் மூடிக்கிடக்கின்றன. மேட்டுக்காடுகளில் தைலமரம் வைத்து, மழைநீர் அங்கேயே நிற்க வரப்பு உயர்த்தியதால் கண்மாய்க்கு ஓடிவர வேண்டிய நீர் மறிபடுகிறது என்று எங்கள் பக்கத்து உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். மேட்டூரில் கோயிலை நீருக்குக் கொடுத்தார்கள், நீர் நின்றது. இங்கே ஐயனார் கரையிலேயே இருக்கிறார். அவர் எதிரே கண்மாய் புழுதி பறக்கக் கிடக்கிறது. இரண்டில் எது பெரிய குறை என்று அவரவர் மனத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

குடிமராமத்து என்பது நமக்குப் புதிய சொல் அன்று. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கூடை மண் சுமந்து கரை கட்டிய பழக்கம் அது. உழவாரப் பணி என்று கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகிறோமே, அதே மண்வெட்டி வரத்துவாரிக்கும் போதும். ஊராட்சியிடம் கேட்டு, ஊர்க்கூட்டத்தில் பேசி, உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் வரும் வழியை ஆவணிக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே முள் மண்டியிருக்கிறது, எங்கே வேலி குறுக்கிட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அதைச் சரிசெய்ய முடிந்தால், அது ஒரு குடமுழுக்குக்குச் சமம்.

வரும் ஆடிப்பெருக்கன்று மேட்டூரிலோ, முக்கொம்பிலோ, உங்கள் வீட்டுக் குழாயடியிலோ நின்று மஞ்சள் கரைத்து நீரை வணங்கும்போது, நம் வேண்டுதல் இப்படி இருக்கட்டும்: "ஜலகண்டேசுவரா, உன் கோயிலை எங்களுக்குக் கொடுத்த ஊராரின் வழிமுறை நன்றாக இருக்கட்டும். உன் நந்தி எங்கள் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கட்டும். எங்கள் கண்மாய் நிறையட்டும்."